கேட்டவர் காத்த பாட்டு

வெள்ளிக்கிழமை ஒன்றில் ஜும்ஆத் தொழுகை முடிந்து நெல்லிக்குப்பத்துப் பள்ளிவாசலிலிருந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தனர். படியருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் ஒருவன் கறுப்புப் பனியன் அணிந்திருந்தான். அதன் மார்பில் மஞ்சள் கோட்டால் வரைந்த ஒரு முகம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கற் குறிகள். கோணல் வாயிலிருந்து தொங்கும் நாக்கு. மேலே ஆங்கில எழுத்தில் ‘நிர்வாணா’ என்ற பெயர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்ட பெரியவர் ஒருவர், “ஏன் தம்பி, அல்லாஹ்வின் வீட்டுக்கு வரும்போது நிர்வாணம் என்றா எழுதிக்கொண்டு வருவது?” என்று கேட்டுவிட்டார். மாணவன் விழித்தான். அது ஓர் இசைக்குழுவின் பெயர் என்பதோ, பௌத்தர்கள் வீடுபேற்றைக் குறிக்க வழங்கும் சொல் என்பதோ அவனுக்குத் தெரியாது. கடலூர்க் கடைவீதியில் மலிவாக வாங்கினான், அவ்வளவே.

உடன் நின்ற அவன் தோழனுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. குழுவின் ஊர், பாடகன் இறந்த ஆண்டு, முதல் இசைத்தட்டுக்கு ஆன செலவு வரை அவன் மளமளவென்று ஒப்பித்தான். நண்பர்கள் நால்வர் மாடியறையில் கூடுவார்களாம். ஒருவன் தேடியெடுத்த பாட்டை மற்ற மூவருக்கும் போட்டுக் காட்டுவானாம். பிறகு அதைப் பற்றி நள்ளிரவு வரை வாதம் நடக்குமாம். “கேட்டுப் பாருங்கள் மாமா” என்று நமக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். கேட்டோம். கேட்டதோடு நில்லாமல் அவ்விசையின் வரலாற்றையும் தேடிப் படித்தோம்.

நம் செவிக்கு இவ்விசை இனிக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். மின்கிதாரின் இரைச்சலுக்கு அடியில் பாட்டின் சொற்கள் நசுங்கிக் கிடக்கின்றன. ஓரிரு பாடல்களுக்கு மேல் நம்மால் தொடர்ந்து கேட்க இயலவில்லை. இசை கூடுமா, கூடாதா, தஃப் ஒன்று மட்டும் போதுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது பாட்டு அன்று, அதைக் கேட்டவர்கள்.

கராஜ், பங்க், கிரஞ்ச் என்று இவ்விசைக்கு மூன்று பெயர்கள் சொல்கிறார்கள். நம்மூரில் பங்க் என்றால் பெட்ரோல் போடுமிடம். அங்கே அது வேறு பொருள். 1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா சென்று பாடியபின், ஊருக்கு ஊர் பள்ளிப் பிள்ளைகள் கிதாரும் முரசும் வாங்கிக்கொண்டு, அப்பாவின் கார் நிற்கும் கொட்டகையில் பழகினார்கள். அதனால் கராஜ் என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. ஓரிரு தட்டுகள் வெளியிட்டுவிட்டு அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பிவிட்டனர். தட்டுகள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை அது. லென்னி கே என்ற இளைஞர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு பத்திரிகைகளுக்கும் எழுதி வந்தார். 1972இல் அவர் இத்தகைய 27 பாடல்களைப் பொறுக்கியெடுத்து இரட்டைத் தட்டுகளாகத் தொகுத்தார். ‘நக்கெட்ஸ்’, அதாவது பொன் கட்டிகள், என்று அத்தொகுப்புக்குப் பெயர். ஒவ்வொரு பாட்டுக்கும் அது பிறந்த கதையையும் எழுதிச் சேர்த்தார். ஊரார் எறிந்ததை ஒருவர் பொன் என்று சொன்னார். பிறகு பலரும் அவ்வாறே சொல்லலாயினர்.

லண்டனில் நடந்ததும் இதைப் போன்றதே. 1976ஆம் ஆண்டு வங்கி எழுத்தர் மார்க் பெர்ரி, பங்க் இசையைப் பெரிய பத்திரிகைகள் ஒழுங்காகக் கவனிப்பதில்லை என்று மனம் வெதும்பித் தாமே ஓர் இதழ் தொடங்கினார். அவ்விதழின் பெயரை இங்கே எழுதக் கூசுகிறது, விட்டுவிடுகிறோம். தலைப்புகளைத் தடித்த பேனாவால் கிறுக்கி, மற்றதைத் தட்டச்சில் அடித்து, நகலெடுத்து, முதல் இதழை 50 படிகளே வெளியிட்டார். ஓராண்டில் அது ஆயிரக்கணக்கில் விற்றது. விற்கத் தொடங்கியதும், 1977இல், நிறுத்தியும் விட்டார்! கிரஞ்ச் இசையின் தாயகமான சியாட்டிலில் அவ்விசையைப் பரப்பிய நிறுவனமும் இரசிகர் இதழாகப் பிறந்ததே. புரூஸ் பேவிட் என்ற இளைஞர் 1980இல் ஒலிம்பியா நகரில் தொடங்கிய அச்சிறு இதழ், பின்னர்ச் சில வேளைகளில் தாளுக்குப் பதில் ஒலிநாடாவாகவே வந்தது. இதழ் கம்பெனியாயிற்று, நிர்வாணா குழுவின் முதல் தொகுப்பை 1989இல் வெளியிட்டது. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு சுமார் 600 டாலர். இரண்டாம் தொகுப்பு 1991இல் ஒரு பெருநிறுவனத்தின் வழியே வந்து, மறுஆண்டு ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பை விற்பனை முதலிடத்திலிருந்து இறக்கியது. அக்குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் 1994 ஏப்ரலில், 27ஆம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கோடிப்பேரின் அன்பு ஒருவரின் உள்நோய்க்கு மருந்தாகவில்லை. பிள்ளைகள் இப்பாடல்களைக் கேட்கும் வீடுகளில் பெற்றோர் கவலை கொள்வது இதனால்தான். அக்கவலையை நாம் அற்பமென்று தள்ளவில்லை.

ஆயினும் நம் சிந்தை மீண்டும் மீண்டும் அந்த 50 படிகளுக்கே திரும்புகிறது. பாட்டைக் கேட்டவன் கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை. எழுதினான், தொகுத்தான், நகலெடுத்தான், கையில் கொண்டுபோய்க் கொடுத்தான். இது நமக்குப் புதிதா?

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எண்ணிப் பாருங்கள். வள்ளல் சீதக்காதி மறைந்தபின், நூல் இடையில் நின்றுவிடாமல் தாங்கியவர் நம் பக்கத்து ஊரான பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர். புலவர் அவரை நூலுக்குள்ளேயே பல இடங்களில் நன்றியோடு பாடியிருக்கிறார். அதன்பின் நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்த அக்காப்பியத்தை, ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1842இல் முதன்முதலாக அச்சேற்றியவர் சேகனாப் புலவர் என்று போற்றப்படும் காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். (நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஆண்டும் 1842தான். ஆலையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். அச்சேறிய காப்பியத்தைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?) தாம் நேசித்த 5,027 பாக்களும் செல்லுக்கு இரையாகிவிடக்கூடாதே என்று பதைத்த அம்மேதையை இரசிகர் என்று சொன்னால் குறைவாகிவிடாது. பழைய சாமான் கடையில் இசைத்தட்டுக்காகக் குனிந்து நின்ற லென்னி கேயும் அவரும் ஒரே பதைப்புடையவர்கள்.

அந்தப் பதைப்பு நம்மிடம் இசையைப் பொறுத்தவரை இல்லாமற் போனது எப்படி?

நாகூர் ஹனீபா அவர்களை எடுத்துக்கொள்வோம். 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த அவர், முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். கச்சேரி சபாக்களின் இலக்கணத்துக்கு அவர் குரல் கட்டுப்பட்டதன்று. ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் கம்பீரமே அவர் கற்ற கல்வி. பயிலாத குரல் பயின்ற குரலைவிட ஆழமாக மக்கள் நெஞ்சில் இறங்கக் கூடும் என்பதைப் பங்க் இசைக்காரர்கள் 1976இல் கொடி பிடித்துச் சொன்னார்கள். நம் மீலாது மேடைகள் அதற்கு முன்பே அறிந்திருந்தன. சஹர் நேரத்தில் அவர் பாட்டைக் கேட்டு எழாத முஸ்லிம் தெரு தமிழகத்தில் அரிது.

இவ்வளவு நேசித்த நாம் என்ன செய்தோம்? தமிழகமெங்கும் மதம் கடந்து ஒலிக்கும் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலை எழுதியவர் யார் என்று அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்தில் கேட்டோம். பந்தியில் இருந்தவர் அனைவருக்கும் பாட்டு மனப்பாடம். எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாகூர்ப் புலவர் ஆபிதீன் அவர்களின் பாடல்களுக்கும் இதே கதிதான். பாட்டைப் பாடகரின் பெயரால் அறிந்தோம், கவிஞரை மறந்தோம். எந்த ஆண்டு பதிவாயிற்று, யார் இசையமைத்தார், உடன் வாசித்தவர் யார் என்ற கேள்விகள் நமக்கு எழவே இல்லை. அறுநூறு டாலர்ப் பாட்டுக்கு முரசு அடித்தவன் பெயரை நெல்லிக்குப்பத்துப் பிள்ளை சொல்கிறான். நம் பாட்டுக்கு ஹார்மோனியம் வாசித்தவர் பெயரை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. குறை பிள்ளையிடத்திலா?

நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக நடத்தப்பட்ட ‘சிம்லா பீட்’ போட்டியில் நம் நகரங்களின் கல்லூரி இளைஞர்கள் கிதாரோடு பாடினார்கள். 1970, 1971ஆம் ஆண்டுப் போட்டிகளிலிருந்து இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன. நாடு அவற்றை மறந்தே போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அவற்றைத் தேடிப் பிடித்து மறுபதிப்புச் செய்தவர்கள் வெளிநாட்டுக் கராஜ் இசைப் பித்தர்கள். சிகரெட் விளம்பரத்துக்குக் கிடைத்த அந்த வாழ்வு நம் நபிமொழிப் பாடல்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு உண்டு.

இனி, மாடியறைப் பிள்ளைகள் நமக்குப் படிக்கத் தந்த ஒரு நாவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இளமையில் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர் மைக்கேல் முஹம்மது நைட் எழுதிய ‘தக்வாகோர்ஸ்’ அது. தக்வா என்ற நம் புனிதச் சொல்லோடு பங்க் இசையின் ஒரு வகைப் பெயரை ஒட்டிச் செய்த தலைப்பு. பஃபலோ நகரில் ஒரு வீடு. அதில் முஸ்லிம் மாணவர்கள். ஜும்ஆவும் அங்கேயே, இரைச்சல் இசையும் அங்கேயே. 2003ஆம் ஆண்டளவில் அவர் இதைத் தாமே நகலெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார். அப்போது அப்படிப்பட்ட இசைக்குழுக்கள் கதையில்தான் இருந்தன. படித்த இளைஞர்கள், ‘நம்மைப் போல் இன்னும் சிலர் இருக்கிறார்களே’ என்று எண்ணி உண்மையாகவே குழுக்கள் அமைத்தார்கள். பாஸ்டனில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கிய ‘கொமினாஸ்’ அவற்றுள் பெயர் பெற்றது. 2007இல் இக்குழுக்கள் பேருந்து ஒன்றில் ஊர் ஊராகச் சென்றன. சிகாகோ அருகே ஒரு பெரிய முஸ்லிம் மாநாட்டு மேடையில் பெண்கள் குழு பாடியபோது நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

இந்நாவலை நாம் வீட்டில் வைத்துப் படிக்கப் பரிந்துரைக்க மாட்டோம். மார்க்கத்தின் மரியாதைக்கு ஒவ்வாத பக்கங்கள் அதில் உண்டு. அதிர்ச்சி தருவதற்காகவே எழுதப்பட்டவையும் உண்டு. கலை என்ற அளவிலும் பெருங்குறை ஒன்று காண்கிறோம். பெரியவர்களைச் சீண்டுவதில் இருக்கும் உற்சாகம், சீண்டிய பின் என்ன சொல்வது என்பதில் இல்லை. அத்தாவைக் கேலி செய்வது இரண்டு பக்கம் இனிக்கும். இருநூறு பக்கம் இனிக்குமா? ஆனால் ஒன்றை மறுப்பதற்கில்லை. அந்த வீட்டை விட்டுப் போய்விட எண்ணியவர்கள் அதற்குள் தொழுகை விரிப்பை விரித்திருக்க மாட்டார்கள். உள்ளேயே இருந்துகொண்டு சத்தமிடும் பிள்ளையும், சத்தமின்றி வெளியேறிவிடும் பிள்ளையும் ஒன்றல்லர். மேடையில் பாட்டை நிறுத்துவது எளிது; நிறுத்தப்பட்டவர்கள் மறுநாள் எங்கே போவார்கள் என்று கேட்பவர் குறைவு.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் வாதாடினார்கள். வாதம் முடியவில்லை. இறுதியில் நாம் ஒன்று கேட்டோம்: “அந்த இசைக்காக இவ்வளவு தேடுகிறீர்களே, உங்கள் நன்னாவின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா?”

இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பி அழைத்தார்கள். மாடியறையில் ஒரு தகரப் பெட்டி. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள். சில பூஞ்சை பிடித்தவை. ஒன்றின் நாடா உருவி நூல்கண்டு போல் கிடந்தது. பள்ளிவாசற் படியில் அதட்டிய பெரியவருடைய பெட்டிதான் அது! பனியன்காரனைத் தேடிப் போய் அவரே கொடுத்தாராம். ஒரு நாடாவை ஓட விட்டார்கள். இரைச்சலுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. இரண்டு பாடல்களுக்கு இடையே கூட்டத்தில் ஒரு குழந்தை அழுகிறது. யாரோ தண்ணீர் கேட்கிறார்கள்.

அட்டையில் ‘ஹனீபா, மீலாது’ என்று மட்டும் எழுதியிருந்தது, ஊருமில்லை, ஆண்டுமில்லை. லால்பேட்டையாக இருக்கலாம் என்றார் பெரியவர். பிறகு, இல்லை, பரங்கிப்பேட்டை என்றார். மூத்த மகள் பிறந்த வருடம் என்பது மட்டும் அவருக்கு உறுதி. மகளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பிறந்த தேதி கேட்டுக்கொண்டிருந்தான் ஒருவன். இன்னொருவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தான்.