பெயரும் வாய்பாடும்

தமிழில் வேதியியல் எழுதுவோர் பலர் கலைச்சொல் வேறு, பொருட்பெயர் வேறு என்பதை மறந்துவிடுகின்றனர். கருத்தை விளக்குவது கலைச்சொல்; அதைத் தமிழாக்கலாம், ஆக்கவும் வேண்டும். மைய உலோகத்தைப் பற்றி நிற்கும் மூலக்கூறையோ அயனியையோ ‘ஈனி’ என்றும், அவ்வாறு அமைந்த பொருளை ‘அணைவுச் சேர்மம்’ என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்குவது பாராட்டத்தக்கது. பொருட்பெயரின் கடமையோ வேறு. அதைக் கேட்ட மாணவன், வேறு துணையின்றி, வாய்பாட்டை எழுதிவிட வேண்டும்.

இக்கடமை ஏன் எழுந்தது? 1893 இல் ஆல்பிரட் வெர்னர் தம் கொள்கையை வெளியிட்டார்; 1913 இல் நோபல் பரிசும் பெற்றார். கோபால்ட் குளோரைடு ஆறு அம்மோனியாவுடன் கூடினால் வெள்ளி நைட்ரேட்டு மூன்று குளோரினையும் வீழ்படிவாக்கும். ஐந்துடன் கூடினால் இரண்டை. நான்குடன் கூடினால் ஒன்றை மட்டுமே. எஞ்சிய குளோரின் உலோகத்தோடு உள்ளே பிணைந்துவிட்டது. ஆகவே எது உள்ளே, எது வெளியே என்று பெயரே சொல்ல வேண்டும்.

‘டெட்ராஅம்மீன்டைகுளோரிடோகோபால்ட்(3) குளோரைடு’ என்பதைக் காண்க. கோபால்ட்டின் மின்சுமை நேர் மூன்று. உள்ளிருக்கும் இரு குளோரினுக்கும் எதிர் இரண்டு. நான்கு அம்மோனியாவுக்கும் சுமையில்லை. மீதி நேர் ஒன்று. எனவே சதுர அடைப்புக்கு வெளியே குளோரைடு ஒன்றே. கணக்கு எளிது, பெயர் பிழையாக எழுதப்படாதவரை.

பிழைகள் மூன்று. முதலாவது, பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்தெழுதுவது. அப்படி எழுதினால் அடைப்பு எங்கே முடிகிறது என்பது மறைந்துவிடும். தொகைகள் ஒரு சொல்லாய் நடக்கும் என்று தொல்காப்பியர் வகுத்த மொழியில் இவ்விதி புதிதன்று. இரண்டாவது, ‘அம்மீன்’ என்பதை ‘அமீன்’ என்று எழுதுவது. முன்னது அம்மோனியா, பின்னது கரிமச் சேர்மங்களில் ஓரினம். பலியும் பல்லியும் ஒன்றல்ல என்றறிந்த தமிழாசிரியர் இதைப் பொறுத்தல் ஆகாது. மூன்றாவது, ஈனிகளைத் தமிழ் அகரவரிசையில் அடுக்குவது. நம் வரிசையில் ‘அக்குவா’ முந்தும். உலக வழக்கில் ‘அம்மீன்’ முந்தும். வாய்பாடு மாறாது, ஆயினும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்துவிடும்.

கெடா மாநிலத்து மாணவர்க்கு இது வெறும் இலக்கண வாதமன்று. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பயிலும் பிள்ளை இரும்பு, செம்பு என்று படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழக்கிலுள்ள ‘ஃபெரும்’, ‘குப்ரும்’ என்பவற்றைச் சந்திக்கிறான். மலாய் இங்கே அறிவோடு நடந்துகொண்டது. அப்பெயர்களிலிருந்தே தனிமக் குறியீடுகள் பிறந்தன. எதிர்மின் அணைவயனியில் ‘ஃபெரேட்டு’, ‘குப்ரேட்டு’ என வருவதும் அவற்றோடு பொருந்துகிறது. தமிழாசிரியர் இரும்பைக் கற்பிக்கும் நாளிலேயே அதன் இலத்தீன் பெயரையும் ஒரு வரியில் சொல்லிவைத்தால், ஆறாம் படிவத்தில் ‘பொட்டாசியம் ஹெக்சாசயனிடோஃபெரேட்டு(2)’ அவனுக்கு அச்சமூட்டாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு அம்மோனியா அந்நியமன்று. இரப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்ப்பது அதுவே; அதன் நெடியைத் தோட்டம் நன்கறியும். அப்பொருளே ‘அம்மீன்’ என்று பெயர் பூண்டு கோபால்ட்டைச் சூழ்கிறது என்றால் பாடம் உடனே பதியும்.

தூய்மை வேண்டுவோர் இதனால் தமிழ் குன்றும் என அஞ்ச வேண்டியதில்லை. பாடத்தை விளக்கும் தொடர் தமிழாக இருக்கட்டும். ‘ஈனி’யும் ‘அணைவு’ம் நிலைக்கட்டும். பொருட்பெயருக்கு உரைகல் ஒன்றே: வாய்பாட்டை முன்பு கண்டிராத இரு மாணவர்க்கு அப்பெயரைச் சொல்லுக. இருவரும் ஒரே வாய்பாட்டை எழுதினால் பெயர் நன்று. வேறுவேறாக எழுதினால், திருத்தப்பட வேண்டியது மாணவன் அல்லன், பெயரே.