சட்ட இதழ்களும் பிரெட் ரொடெலின் கண்டனமும்

மருத்துவத்திலோ வரலாற்றிலோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் தகுதியை அவ்வத்துறை அறிஞரே நிர்ணயிப்பர். ஐக்கிய அமெரிக்காவின் சட்டத்துறை இதற்கு விலக்காகும். அங்கு பேராசிரியரின் கட்டுரையை ஏற்பதும் மறுப்பதும் திருத்துவதும் பெரும்பாலும் மாணவரின் பணிகளாகவே உள்ளன. 1887 இல் தோன்றிய ஹாவார்ட் சட்ட இதழ் இவ்வழக்கத்தை நிலைநிறுத்தியது எனலாம்.

இதழ்களின் இப்போக்கினைக் கடுமையாகச் சாடியவர் யேல் சட்டப் பேராசிரியர் பிரெட் ரொடெல். 'சட்ட இதழ்களுக்கு விடை' எனப் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை 1936 இல் வெளிவந்தது. அதனை அச்சிட்டதும் வேர்ஜீனியா மாணவரின் சட்ட இதழே. வசைக்கு இடமளித்த அம்மாணவரின் துணிவு பாராட்டத்தக்கது.

சட்ட எழுத்தின் நடையும் பொருளும் ஒருங்கே பழுதுபட்டுள்ளன என்பது ரொடெலின் வாதம். நடை பற்றி அவர் கூறுவதை மறுப்பது கடினம். நகைச்சுவைக்கு அஞ்சும் போலிக் கம்பீரமும், பக்கத்தின் பாதியை விழுங்கும் அடிக்குறிப்புகளும் அவ்விதழ்களின் அடையாளங்களாயின. ஆயினும் நோயைக் காட்டிய அளவிற்கு அதன் காரணத்தை அவர் துருவவில்லை. துறையறிவு முதிராத மாணவன் ஒரு கருத்தின் வலிமையை எடைபோடுவது அரிது; அதற்கு ஆதாரம் உண்டா எனச் சரிபார்ப்பதோ அவனுக்கு இயலும். எனவே ஒவ்வொரு வாக்கியத்திற்கும் சான்று கேட்கிறான். மேற்கோள் முறைகளுக்கென 1926 இல் தனிக் கைந்நூலே தோன்றியதை இப்பின்னணியில் நோக்கலாம். மாணவனுக்கு அடிக்குறிப்பு ஒரு கவசம். அதே வேளை, இத்துணை பொறுமையாக ஒவ்வொரு சான்றையும் தேடிச் சரிபார்க்கும் உழைப்பு வேறு துறை இதழ்களில் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

பொருள் பற்றிய குற்றச்சாட்டில் ரொடெல் எல்லை மீறுகிறார். சமூகப் பிரச்சினைகளை விட்டுச் சட்ட இதழ்கள் சொற்சிலம்பம் ஆடுகின்றன என்கிறார். 1890 இல் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிரண்டைசும் அந்தரங்க உரிமை குறித்து எழுதிய கட்டுரை, தோன்றி மூன்றே ஆண்டுகளான ஹாவார்ட் சட்ட இதழிலேயே வெளிவந்தது. பத்திரிகைகளும் நிழற்படமும் தனிவாழ்வில் நுழைந்த காலத்துப் பிரச்சினைக்கு அது விடை தேடியது. அதே பிரண்டைஸ், பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசராகி, தொலைபேசி ஒட்டுக்கேட்டல் பற்றிய 1928 ஆம் ஆண்டு வழக்கில் அச்சிந்தனையை மாறுபட்ட தீர்ப்பாக எழுதினார். அவ்வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை 1967 இல் நீதிமன்றமே கைவிட்டது. வாரனும் பிரண்டைசும் மாணவரல்லர் என்பது உண்மை. எனினும் களம் மாணவருடையது.

ரொடெல் போதிய அளவு எழுப்பாத வினா, இந்த வாயிலில் நிற்பவர் யார் என்பதாகும். ஹாவார்ட் இதழின் தலைமைக்கு முதன்முதலாக ஒரு பெண், சூசன் எஸ்ட்ரிச், தெரிவானது 1976 இலேயே. முதற் கறுப்பினத்தவராகப் பராக் ஒபாமா தெரிவானது 1990 இல். இவ்விதழ்ப் பணி உயர்பதவிகளுக்குப் படிக்கட்டாதலால், இது வெறும் மாணவர் சங்க விவகாரமன்று.

1962 இல் ரொடெல் மீண்டும் எழுதியபோதும் அவரது கசப்புத் தணிந்திருக்கவில்லை. 2005 இல் ஹாவார்ட் உள்ளிட்ட பல இதழ்கள் கட்டுரைகளின் நீளத்தைக் குறைக்க முன்வந்தன. நீளத்தைக் குறைப்பது எளிது. எழுதியவரின் பெயரையும் பதவியையும் மறைத்துவிட்டு, தெரிவுக்கு முன் துறையறிஞர் ஒருவரின் கருத்தையும் கேட்பதே கடினமான சீர்திருத்தம். சரிபார்க்கும் உழைப்பை மாணவரிடமே விட்டுவிடலாம்.