பாதியை மறந்த மக்கள் குரல்

“மக்களின் குரல் நாங்களே!” – ஐரோப்பியத் தீவிர வலதுசாரிகள் எழுப்பும் முழக்கம் இது. முழக்கத்திற்கு மயங்குவது எளிது; எண்ணிப் பார்ப்பதே பகுத்தறிவு. எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

ஜெர்மனியில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்னும் கட்சி, 2025 பாராளுமன்றத் தேர்தலில் 152 இடங்களை வென்றது. அவ்விடங்களில் அமர்ந்த பெண்கள் நூற்றுக்கு 12 பேர்கூட இல்லை! மக்களில் சரிபாதி பெண்களன்றோ? அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எழும் குரல் எந்த மக்களின் குரல்?

2013 இல் அம்மன்றத்தில் 36 விழுக்காட்டிற்கு மேலிருந்த பெண்களின் பங்கு, இக்கட்சி முதன்முதலாக நுழைந்த 2017 இல் 31 விழுக்காட்டிற்கும் கீழே சரிந்தது. பழி முழுவதும் இவர்களுடையதன்று. பழமை பேணும் பிற கட்சிகளும் ஆடவரையே மிகுதியாக நிறுத்தின.

“எங்கள் கட்சிக்குப் பெண்ணே தலைமை தாங்குகிறாரே!” என்று கூறலாம். உண்மைதான், 2022 இல் ஆலிஸ் வைடல் இணைத்தலைவரானார். ஆனால் வாயிலில் தோரணம் ஆடுகிறது. உள்ளே கூடமோ ஆடவருக்கே!

2019 இல் துரிங்கியா மாநிலச் சட்டமன்றம், வேட்பாளர் பட்டியலில் ஆணையும் பெண்ணையும் மாறிமாறி நிறுத்தவேண்டுமெனச் சட்டம் இயற்றிற்று. இக்கட்சி வழக்குத் தொடுத்தது. தேர்தல் உரிமையும் கட்சிகளின் உரிமையும் குன்றுமெனக் கூறி, 2020 இல் மாநில அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அக்காரணம் ஆராயத்தக்கதே. “ஒதுக்கீடு வேண்டா, திறமை போதும்” என்னும் வாதத்தைத்தான் நாம் மறுக்கிறோம். அளவுகோல் ஆடவர் கையிலேயே இருக்கும்போது, அளக்கப்படுவது திறமையா, ஆண்மையா?

அந்நாட்டு வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுண்டு. 1919 பிப்ரவரி 19 அன்று வைமார் தேசிய மன்றத்தில் மரீ யூகாட்ச் எழுந்தார். ஜெர்மன் மக்கள் மன்றத்தில் பேசிய முதற்பெண் அவர். வாக்குரிமைக்காகப் பெண்கள் நன்றிக்கடன் படவில்லை. அநீதியாக மறுக்கப்பட்டதே தரப்பட்டது என்னும் கருத்தை முழங்கினார். ஆம், அது பிச்சையன்று, உரிமை!

பதினான்கே ஆண்டுகள்! 1933 நவம்பரில் அமைந்த நாஜி மன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. பெண்ணுக்கு வாக்கு இருந்தது, இருக்கை இல்லை. மாற்றுக்கட்சி ஒன்றும் அம்மன்றத்தில் இல்லை. பெண்ணுரிமையும் மக்களாட்சியும் ஒருங்கே வீழ்ந்தன.

அன்றைய கட்சியும் இன்றைய கட்சியும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஆயினும், சமத்துவத்தைச் சுமையென்போர் மக்களாட்சியின் பாதியைக் குறைக்கின்றனர் என்பது திண்ணம்.

ஆகவே இளைஞர்களே! மக்கள் பெயரால் எவர் முழங்கினும், முதலில் அவருடைய வேட்பாளர் பட்டியலைக் கேளுங்கள். முழக்கம் மறைப்பதைப் பட்டியல் காட்டிவிடும்!