மூன்று நிமிஷம்

தமிழ்க் கதைகளில் டாக்டர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கதாநாயகி மயங்கி விழுந்தால் கைப்பையும் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒருவர் வருகிறார், நாடி பார்க்கிறார், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். சினிமாவில் அவரே கதாநாயகனாகவும் ஆகிவிடுகிறார். 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’, அடுத்த ஆண்டு வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ இரண்டிலும் கதையைத் தாங்குகிறவர் டாக்டர்தான். ஆனால் இந்த மனிதர்கள் எப்படி டாக்டரானார்கள்? எந்தக் காரியாலயத்து வாசலில் விண்ணப்பத்தாளுக்காக நின்றார்கள்? எந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து யாருக்குப் பதில் சொன்னார்கள்? கதைக்காரர்களாகிய நாங்கள் அதைச் சொல்வதில்லை. எங்கள் கதைகளில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்போடுதான் பிறக்கிறார்.

வாழ்க்கையில் அப்படியா இருக்கிறது? மைலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒரு தலைமுறை முழுவதும் ‘ஸீட்’ என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்தி வந்திருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பஸ்ஸிலும் ஸீட் உண்டு, சினிமாக் கொட்டகையிலும் உண்டு. ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம், “பையனுக்கு ஸீட் கிடைச்சுதா?” என்று கேட்டால், அது எந்த ஸீட் என்று விளக்க வேண்டியதில்லை. கிடைக்காத வீட்டில் அந்தக் கேள்வி எத்தனை வருஷம் கழித்தும் உறுத்திக் கொண்டிருக்கும். இத்தனை ஆசையும் அவமானமும் பொருந்திய விஷயத்தை நாங்கள் தொடாமல் விட்டதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

நாங்கள் எழுதாத கதையை எழுதியவர்கள் நீதிபதிகள். மருத்துவக் கல்லூரி அனுமதி பற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட இரண்டு வழக்குகளின் தீர்ப்புகளைச் சமீபத்தில் படித்தேன். பட்டம் வரை போகாத படிப்பு என்னுடையது. சட்டம் அதில் சேர்த்தி இல்லை. கதை படிக்கிறவனின் கண்ணோடுதான் படித்தேன்.

முதலாவது, செண்பகம் துரைராஜன் வழக்கு. அன்றைய சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவுப்படி, கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டிருந்தார்கள். நான்கு மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். அதில் 17 வெளி ராஜ்யத்தாருக்கு, 12 சர்க்கார் இஷ்டப்படி கொடுப்பதற்கு. இந்த ஏற்பாடு புதிய அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 1950 ஜூன் 7-ந் தேதி அந்த அம்மாள் ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். எஞ்சினீயரிங் கல்லூரிக்கு மனுச் செய்த ஓர் இளைஞரின் வழக்கும் உடன் சேர்ந்தது. உத்தரவை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர் மைலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவிலேயே இருந்தவர். 1951 ஏப்ரல் 9-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவைச் செல்லாது என்றது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அந்த ஆண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி செய்யும் பிரிவு அதில் சேர்ந்தது.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்தது. தீர்ப்பின் நடுவில் கிடக்கும் ஒரு சின்னத் தகவல்தான் என்னை நிறுத்தியது. அந்த அம்மாள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதாகவே அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை! விசாரித்துப் பார்த்ததில், தம் ஜாதி காரணமாக இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகச் சொல்கிறார், அவ்வளவுதான். சர்க்கார் தரப்பும் இதை ஆட்சேபிக்கவில்லை. வழக்கில் ஜயித்தால் சேர்த்துக் கொள்கிறோம் என்றே ஒப்புக் கொண்டிருந்தது. நீதிபதிகள், இந்த நிலைமையில் அதைக் கிளற வேண்டாம் என்று நகர்ந்து விடுகிறார்கள்.

நீதிபதிகள் நகரலாம். கதைக்காரன் எப்படி நகருவது? எங்கே போய் விசாரித்தார்? சொன்னது யார்? ஒரு குமாஸ்தாவா, தெரிந்த டாக்டரா, உறவினரா? அவர்கள் குரலில் இருந்தது அனுதாபமா, அலுப்பா? ஒரு தேசத்தின் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்த விண்ணப்பம் போடப்படாத விண்ணப்பம் என்றால், அதைப் போடாமல் திரும்பிய அந்தப் பகற்பொழுது ஒரு நாவலுக்குப் போதாதா? அதே போல இன்னொருவரும் அந்தத் தீர்ப்பில் இல்லை. அந்த 14-ல் தன் வகுப்புக்கென்று இருந்த இடத்தை நம்பி, வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த குடியானவர் வீட்டுப் பையன். வழக்கின் முடிவால் அவன் வாழ்வும் ஆட்டம் கண்டது; ஆனால் அவன் கட்சிக்காரனாகக் கூடப் பதிவாகவில்லை. தீர்ப்பில் இருவருக்கும் முகம் இல்லை.

இரண்டாவது வழக்கில் முகம்தான் விவகாரம். 1970-ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர விரும்பிய மாணவர்களுக்கு பி.யு.ஸி. பாட மார்க்கு 200, இண்டர்வியூவுக்கு 75 என்று கணக்கு வைத்திருந்தார்கள். கல்லூரிகளைச் சில பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டி. விளையாட்டு அல்லது என்.ஸி.ஸி., படிப்புக்கு வெளியே செய்த சேவை, தேகநிலை, பொதுத் திறமை, மருத்துவத்தில் நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் கமிட்டி மார்க்குப் போட வேண்டும். பெரியகருப்பன் என்பவர் பெயரால் வழங்கும் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த ஏற்பாட்டைப் புரட்டிப் பார்த்தது. தலைப்புவாரியாகப் போடாமல் மொத்தமாக ஒரு மார்க்கைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் சராசரியாகக் கிடைத்த நேரம் மூன்று நிமிஷம்.

75-ஐ மூன்றால் வகுத்தால் நிமிஷத்துக்கு 25. வருஷம் பூராவும் விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்ததற்கு 200!

அந்த மூன்று நிமிஷத்தை மனசில் ஓட்டிப் பாருங்கள். கதவைத் திறக்கிறான், கும்பிடுகிறான் அல்லது ‘குட்மார்னிங்’ சொல்கிறான், உட்காரச் சொல்லும்வரை நிற்கிறான். அரை நிமிஷம் போயிற்று. பேர், ஊர், தகப்பனார். இன்னொரு அரை நிமிஷம். மீதி இரண்டில் சேவை மனப்பான்மையையும் நாட்டத்தையும் அளந்தாக வேண்டும். நான் ஒரு பாத்திரத்தை வாசகருக்கு அறிமுகப்படுத்த நாலு அத்தியாயம் எடுத்துக் கொள்கிறேன். அப்புறமும் அவன் எனக்கே பிடிபடாமல் நழுவுகிறான். அந்த நேரத்தில் கண்ணுக்கு எட்டுவது சட்டையின் மடிப்பு, செருப்பா பூட்ஸா என்பது, நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுக்கும் பழக்கம், இங்கிலீஷ் வாயில் புரளும் விதம். இவையெல்லாம் பையனுடைய வீட்டில் தயாரானவை. கமிட்டி அந்த வீட்டுக்குத்தான் மார்க்குப் போட்டது என்று நான் நினைக்கிறேன்.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த வயோதிக டாக்டர் ஒருவர், தாம் அந்தக் காலத்தில் இண்டர்வியூவுக்குப் போன கதையை ரசித்துச் சொல்வார். (எந்த ஊர்க் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.) பதினைந்து நாள் ஒத்திகை நடந்ததாம். தகப்பனார் ஈஸிசேரில் சாய்ந்தபடி, “நீ ஏன் டாக்டராக விரும்புகிறாய்?” என்று கேட்பார். இவர் நின்றபடி, ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதை மூன்று வாக்கியத்தில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். உள்ளே போனபோது அந்தக் கேள்வியே வரவில்லை. தகப்பனாருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். என்ன விளையாட்டு விளையாடுவாய் என்று கேட்டார்கள். பதற்றத்தில் ‘காரம்’ என்று சொல்லிவிட்டாராம். ஒருவர் சிரித்தார். “போகலாம்” என்றார்கள். “அந்தச் சிரிப்புக்கு எத்தனை மார்க்கு போட்டான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலைய்யா” என்பார். இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காதவர் அந்தக் கதையை இப்படி ரசித்துச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த மூன்று வாக்கியப் பதிலைப் பொய் என்று நான் சொல்லவில்லை. பல பேர் மனசார நம்பியதுதான். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்போது, ‘நிலவு போன்ற முகம்’ என்று நாங்கள் எழுதுவது போல அதற்கும் வர்ணம் போய்விடுகிறது. உண்மையாகச் சேவை செய்ய வந்தவனும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அடையாற்றுக்காரர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தாயார் தேவதாசி மரபில் வந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியும் மகாராஜா சேர்க்கச் சொன்னார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து 1912-ல் பட்டத்தோடு வெளியேறினார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது அவருடைய முயற்சியால். தகப்பனார் யார், தாயார் யார் என்று கேட்டு மொத்தமாக மார்க்குப் போடும் மேஜைக்கு முன்னால் அவரை உட்கார வைத்துப் பார்க்கிறேன். எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட்டு ஒரேயடியாக இண்டர்வியூவே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. 275-ல் 75 அதிகமாகத் தோன்றுகிறது, முதல் பார்வையில் படுவது சரியான அபிப்பிராயமாக இருக்கத் தேவையில்லை, ஆனாலும் இந்த முறை பயனற்றது என்று தள்ளவும் முடியாது என்று தயங்கியது. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1980-ல் ஸ்ரீநகர் எஞ்சினீயரிங் கல்லூரி வழக்கில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்று கணக்காகச் சொல்லிவிட்டது.

பிறகு தமிழ்நாட்டில் முகம் பார்ப்பதே நின்றுவிட்டது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது; 2006-ல் இயற்றிய சட்டத்தால் போயிற்று; 2017 முதல் நீட். 2025-ல் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. முழுக்கைச் சட்டை கூடாது, பூட்ஸ் கூடாது என்று வாசலில் சோதிக்கிறார்கள். சட்டையைப் பார்ப்பது மட்டும் போகவில்லை போலிருக்கிறது! வீட்டின் செல்வாக்கும் போய்விடவில்லை. இண்டர்வியூச் சட்டை தைத்த பணம் இப்போது பயிற்சி வகுப்புக்குப் போகிறது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனாலும் மூன்று நிமிஷச் சிரிப்பா, யந்திரம் திருத்தும் தாளா என்று என்னைக் கேட்டால், தாளையே தேர்ந்தெடுப்பேன். தாள் தகப்பனார் உத்தியோகத்தைக் கேட்பதில்லை.

ஆனால் நிதானமாக முகம் பார்க்க முடியாதா என்றால், முடியும். கனடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறை கண்டார்கள். ஏறக்குறையப் பத்து அறைகள். ஒவ்வொன்றிலும் எட்டு நிமிஷம். ஒவ்வொன்றிலும் வேறு ஆள், வேறு பிரச்னை. ஓர் அறையில் சிரித்தவர் அடுத்த அறைக்குக் கூட வரமாட்டார். இங்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மாணவர்களை நாள் கணக்கில் தங்க வைத்து, சேர்ந்து வேலை செய்யச் சொல்லிக் கவனித்துத் தேர்ந்தெடுத்து வந்தது. படித்து முடித்ததும் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்ததால், சேவை என்ற பதிலை அங்கே சோதித்துப் பார்க்க வழி இருந்தது. 2017-ல் இந்த முறைக்கு இடமில்லை என்றானபோது, எம்.பி.பி.எஸ்.ஸின் 100 இடங்களில் ஒரே ஒரு மாணவரைத்தான் அந்தக் கல்லூரி சேர்த்துக் கொண்டது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று முடித்து வைத்தது.

இத்தனைக்கும் நடுவில் நம் கதைகள் எங்கே இருந்தன? மருத்துவக் கல்லூரியில் இடம் பிடிப்பதை ஜனங்கள் நினைவில் வைத்திருக்கும்படி காட்டிய படம் என்று தேடினால் எனக்குக் கிடைப்பது 2004-ல் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ ஆள் மாற்றிப் பரீட்சை எழுதி உள்ளே நுழைகிறான் நாயகன். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஐம்பது வருஷத்து வயிற்றெரிச்சலும் கொஞ்சம் கலந்திருந்ததென்று இப்போது தோன்றுகிறது. ஹாஸ்யக்காரர்கள் தொட்ட இடத்தை நாவலாசிரியர்கள் இன்னும் தொடவில்லை. யாராவது இளைஞர் எழுத முன்வந்தால், தயவுசெய்து டாக்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 1950-ல் ஒரு பெண்மணி விசாரிக்கப் போனபோது அவருக்குப் பதில் சொன்னாரே, அந்தப் பெயர் தெரியாத மனிதரிடமிருந்து ஆரம்பிக்கட்டும்.