நான்கு பைட் இசை

1990-களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் 1.44 எம்பி ஃபிளாப்பிகளில் கைமாறின. சிடி தரத்தில் பதிவு செய்த இசையை அப்படியே போட்டால் ஒரு ஃபிளாப்பியில் எட்டு வினாடிதான் அடங்கும். ஆகவே ஒலியை விட்டுவிட்டு, ஒலியை எழுப்பும் கட்டளைகளை மட்டும் சேமித்தார்கள். அதற்கு ஆளுக்கொரு கோப்பு வடிவமும் வகுத்துக்கொண்டார்கள்.

அவற்றில் அழகானது ஐடி சாஃப்ட்வேரின் ஐஎம்எஃப். ‘கமாண்டர் கீன் 4’ (1991), ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ (1992) ஆகியவற்றுக்கு பாபி பிரின்ஸ் அமைத்த இசை இந்த வடிவில்தான் இருக்கிறது. ஆட்லிப் ஒலி கார்டில் இருந்த யமஹா ஒய்எம்3812 சிப்புக்கான கட்டளை ஒவ்வொன்றும் நான்கே பைட். முதல் பைட் எந்த ரெஜிஸ்டர் என்று சொல்லும். இரண்டாவது, அதில் எழுத வேண்டிய மதிப்பு. மற்ற இரண்டும் அடுத்த கட்டளை வரை காத்திருக்க வேண்டிய நேரம். ஸ்வரப் பெயரோ வாத்தியப் பெயரோ தாளக்குறியோ எதுவும் இல்லை. ஒரு பிட் 1 ஆனதும் நாதம் எழும். 0 ஆனதும் அடங்கத் தொடங்கும்.

குடுமியான்மலையின் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டும் ஸ்வரங்களை நான்கு நான்காகத்தான் பொறித்திருக்கிறது. ஆனால் அதைப் பாட இலக்கணம் அறிந்த வித்துவான் வேண்டும். ஐஎம்எஃப் கோப்போ நேராகச் சிப்பிடமே பேசிவிடுகிறது. வேகத்தை மட்டும் கோப்பு சொல்வதில்லை. கீனுக்கு வினாடிக்கு 560 துடிப்பு, வுல்ஃபென்ஸ்டைனுக்கு 700. கீனின் மெட்டை மற்றதன் வேகத்தில் ஓட்டினால் கால் பங்கு விரைந்துவிடும். பாட்டின் குணமே மாறிப்போகும்.

‘டூம்’ (1993) விளையாட்டின் மியூஸ் வடிவம் மிடியின் சுருக்கம். முந்தைய ஸ்வரத்தின் ஒலியளவே தொடர்ந்தால் அதைத் திரும்ப எழுதாது. இந்தச் சிக்கனம் ரசிக்கத்தக்கது.

கிரியேட்டிவ் நிறுவனத்தின் விஓசி பதிவு செய்த குரலையும் ஓசையையும் வைத்துக்கொள்ளும் வடிவம். அதன் தொடக்கத்தில் வடிவத்தின் பெயரை எழுத்தாகவே எழுதி, அடுத்து டாஸின் கோப்பு முடிவுக் குறியை வைத்திருக்கிறார்கள். தெரியாமல் ‘டைப்’ கட்டளையால் திறப்பவர் பெயரை மட்டும் பார்ப்பார். திரையில் குப்பை எழுத்துகள் கொட்டாது. எத்தனை அக்கறை!

சிடி பரவியதும் இந்தச் சிக்கனத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. 1996-இல் வந்த ‘குவேக்’ தன் இசையைச் சாதாரண சிடி பாட்டாகவே வைத்திருந்தது. ஒய்எம்3812 சிப்பைப் போலவே இயங்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்களில் பழைய ஐஎம்எஃப் கோப்புகள் இன்றும் ஒலிக்கின்றன.