ஊர் நினைவும் சங்க நினைவும்

ஆலைத் தொழிலாளரின் நினைவுகளை எழுத்தாக்குவோர் அவற்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முதற்பாதி ஊர்: குளம், வயல், கந்தூரி, திருவிழா, "அப்ப எல்லாரும் ஒண்டாத்தான் இருந்தம்" என்ற பெருமூச்சு. மறுபாதி சங்கம்: கொடி, வேலைநிறுத்தம், தலைவர்களின் பெயர்கள். ஊர் எப்படிச் சங்கத்துக்குள் வந்தது என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. இவ்வகை எழுத்தின் பெரிய குறை இதுதான்.

சென்னை பி அண்டு சி ஆலைகளை எடுத்துக்கொள்வோம். 1918இல் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முன்னிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆலைக்கு வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. போனவர்களைக் 'கருங்காலி' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஊரிலே சேரிக்கு ஒதுக்கப்பட்டவன், அதே ஊர்க்காரர் நடத்தும் சங்கத்தை எதை நம்பித் தன்னுடையது என்பான்? இதை நம்ம ஆக்களும் கேட்கத்தான் வேண்டும். அந்தச் சண்டையில் நாமும் ஒரு பக்கத்தில் நின்றவர்கள்.

இலங்கையிலும் இது நடந்தது. 1933இல் வெள்ளவத்தை நூல் ஆலைத் தொழிலாளர் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் துணை நின்றார்கள். ஒரு காலத்தில் கொழும்புத் தொழிலாளரின் நாயகனாயிருந்த ஏ.ஈ. குணசிங்கவோ 'இந்தியன், சிங்களவன்' என்ற பிரிவினைப் பேச்சோடு எதிர்ப்பக்கம் நின்றார். எந்த ஊர் என்ற கேள்வி, எவ்வளவு கூலி என்ற கேள்வியை விழுங்கியது.

நம் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 'ஊர்' என்ற சொல்லே வழக்காயிற்று. 1946இல் கிராம விஸ்தரிப்புக்காகத் தோட்டம் எடுக்கப்பட்டபோது, லயத்தை விட்டுப் போகத் தொழிலாளர் மறுத்தார்கள். அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. காணியில்லாத கிராமத்தானின் தேவையும் உண்மைதான். ஆனால் லயத்தில் பிறந்தவனுக்கு அதைவிட வேறு ஊர் ஏது?

வறக்காப்பொலைக்கு அருகே துல்ஹிரிய ஆலை அரச ஆலையாகத் தொடங்கி, தனியார் கைக்கு மாறி, இன்று துணிப் பூங்காவாக நிற்கிறது. அங்கே உழைத்தவர்களின் நினைவுகளைத் திரட்டப் போகிறவர்கள், "ஊர் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. சங்கக் கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யாருடைய பாஷையில் கதைத்தார்கள், வேலைநிறுத்த நாளில் யார் வீட்டு அடுப்பு முதலில் அணைந்தது, யார் அரிசி கொடுத்தார்கள் என்றும் கேட்கவேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவரிடமும் கேட்கவேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதினால் அது ஊர்ப்பெருமையாகலாம், தொழிலாளர் வரலாறாகாது.