சைலன்ஸின் கைகள்

இத்தாலிய வெஸ்டர்ன்களில் பழி பெரும்பாலும் தீர்ந்துவிடும். செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) நாயகன் கடைசிவரை காத்திருந்து அண்ணனைக் கொன்றவனைச் சாய்க்கிறான். அதே ஆண்டில் வந்த செர்ஜியோ கொர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' அந்த ஆறுதலைத் தர மறுத்தது. நான் அதையே மேலான படம் என்பேன்.

இங்கே வெயிலும் புழுதியும் இல்லை. 1898ஆம் ஆண்டுக் குளிர்காலத்து யூட்டா. படமெடுத்தது இத்தாலியின் டோலமைட் மலைகளில். குதிரைகள் பனியில் புதைந்து திணறுகின்றன. பசிக்குத் திருடி மலையேறியவர்களின் தலைக்கு விலை இருக்கிறது. வெகுமதிக்காக வேட்டையாடும் லோக்கோ அவர்களைக் கொன்று பிணங்களைக் கோச்சு வண்டியின் கூரையில் ஏற்றுகிறான். எல்லாம் சட்டப்படி என்கிறான், உண்மையும் அதுதான். லோக்கோவாக வரும் கிளாஸ் கின்ஸ்கி இத்தனை மென்மையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

எதிரே ழான்-லூயி திரந்தின்யான், ஊமை சைலன்ஸாக. சிறுவனாக இருந்தபோது, பெற்றோரைக் கொன்றவர்கள் சாட்சி சொல்லாதிருக்க அவன் குரல்வளையை அறுத்துவிட்டார்கள். எதிராளி முதலில் துப்பாக்கியை உருவும்வரை அவன் சுடமாட்டான். அப்போதுதான் அது தற்காப்பு. லோக்கோ இதைப் புரிந்துகொண்டவன். மதுக்கடையில் சைலன்ஸ் எத்தனை சீண்டினாலும் துப்பாக்கியைத் தொடாமல் கைகலப்பில் இறங்குகிறான். கதையின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. நாயகனைக் காத்த விதியே அவனுக்குக் கண்ணியாகிறது.

கொர்புச்சிக்குக் கைகள்மீது ஒரு பிடிப்பு. 'ஜாங்கோ'வில் (1966) நாயகனின் கைகளை நசுக்கியும் கல்லறைச் சிலுவையில் துப்பாக்கியைச் சார்த்தி அவனை ஜெயிக்க வைத்தார். இங்கே சைலன்ஸின் வலது கை நெருப்பில் வெந்துபோகிறது. லோக்கோ பிணைக்கைதிகளாகப் பிடித்துவைத்த அந்த மலையேறியவர்களைக் காக்க அந்தக் கையோடு வருகிறான். மறைந்திருந்து ஒருவன் சுட, லோக்கோ முடித்துவைக்கிறான். சைலன்ஸை அமர்த்திய விதவை பாலின் (வொனெட்டா மெக்கீ) துப்பாக்கியை எடுக்கிறாள், அவளும் விழுகிறாள். பிறகு கட்டிப்போட்டிருந்த அத்தனை பேரும். என்னியோ மோரிக்கோனியின் இசையில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாதது.

மகிழ்ச்சியான முடிவு ஒன்றையும் எடுத்தார்கள். அதில், செத்ததாக நினைத்த ஊர் ஷெரிஃப் குதிரையில் பாய்ந்துவந்து லோக்கோவைச் சுடுகிறார், சைலன்ஸ் பிழைக்கிறான். அதை ஏற்க எனக்கு மனமில்லை. சட்டம் லோக்கோவின் பக்கம் நிற்கிறது என்று படம் முழுக்கக் காட்டிவிட்டு, அதே சட்டத்தின் ஆளைக் காப்பாளனாக அனுப்பினால் மதுக்கடைக் காட்சிக்கு என்ன பொருள்?